வறுமைக் கணக்கில் கடன் எங்கே?

2012/13இல் இலங்கையிலேயே வறுமை கூடிய மாவட்டம் முல்லைத்தீவு, 28.8 வீதம். 2016இல் அது 12.7க்கு இறங்க, முதலிடம் பக்கத்தில் கிளிநொச்சிக்கு வந்தது, 18.2 வீதத்தோடு. புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கு இது. முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் இந்த வறுமை வீதம், ஒரு வீடு எவ்வளவு நுகர்கிறது என்பதை வைத்துத்தான் போடப்படுகிறது. நுண்கடன், அதாவது கிழமைக் கிழமை கட்டும் சிறு கடன், அந்தக் காசில் அரிசியும் பிள்ளைக்குக் கொப்பியும் வாங்கிய வீடும் வறுமைக் கோட்டுக்கு மேலே போய்விடும். கிழமைக் கட்டுக்காசு கட்ட இன்னொரு இடத்தில் கடன் எடுத்ததும், அதற்குத் தோடு அடகுக்குப் போனதும் அந்த வீதத்தில் தெரியாது. வன்னியில் எத்தனை பெண்கள் இப்படி மாட்டுப்பட்டார்கள் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதைத் தோண்டிப் பார்க்க, அரசையோ நிதி தருபவரையோ பார்த்துப் பேசாத ஆய்வாளர்கள் வேண்டும், அதுவும் இந்த மண்ணிலேயே இருந்து. பருத்தித்துறையில் முத்துகிருஷ்ணா சர்வானந்தன் தொடங்கிய ஆய்வு நிறுவனம் அப்படியொரு முயற்சி. அவர் முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை, அது வேறு கதை. கொழும்பில் இருந்து பார்ப்பவர்களுக்கு வட மாகாணம் முழுக்க ஒன்றுதான். முல்லைத்தீவுக்குள்ளேயே, முத்தையன்கட்டில் வயல் செய்பவரின் கடனும் கொக்கிளாயில் வலை வாங்கியவரின் கடனும் ஒன்றா என்ன?

கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்துப் பிள்ளைகள் யாராவது இதை ஆய்வாக எடுத்திருந்தால் கீழே சொல்லுங்கோ. வாசிக்க ஆசை.