கடைசி ரசீது

"ரெண்டு மாச வாடகை இன்னும் வரல. 14,000 ராண்ட்."

காலையில காபி குடிக்கும்போது வாட்ஸ்அப்ல வந்தது. தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல நாங்க முன்னாடி வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர். காலி பண்ணி நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு.

"ஏதோ அஞ்சாயிரத்தக் குடுத்து முடிச்சிடுப்பா"ன்னாங்க அம்மா. கை நடுங்கிச்சு அவங்களுக்கு.

மாட்டேன்னேன். அலமாரி மேல இருந்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். கடைசி ரசீதுல மை மங்கிப்போயிருக்கு, ஓரத்துல குழம்புக் கறை. ஆனா வால் நீண்ட அவரோட கையெழுத்து அப்படியே இருக்கு. பக்கத்துலயே தேதி.

இந்த நாட்டுல வாடகைக்கு எழுத்துல ரசீது குடுக்கணும்னு 1999 வாடகை வீட்டுச் சட்டமே சொல்லுது. வாடகை பாக்கி மாதிரி சாதாரணக் கடனுக்கு ஆயுள் 3 வருஷம்தான், அது 1969 சட்டம். ஆனா காலாவதி ஆயிடுச்சுன்னு நாமதான் சொல்லணும், கோர்ட்டு தானா எடுத்துப் பேசாது. அந்த 3 வருஷத்துக்குள்ள "மெல்லத் தர்றேன்"னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டாலோ, கணக்கு மறுபடி முதல்லேருந்து. பயந்துபோய் கொஞ்சம் கட்டுறவங்க இதுலதான் மாட்டிக்கிறாங்க.

பணத்தை விட வலிச்சது வேற. காவடிக்கு எங்ககூட வெறுங்கால்ல நடந்த மனுஷன்.

ரசீதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். "பாக்கி எதுவும் இல்லீங்க. இருந்தா வாடகைத் தீர்ப்பாயத்துல பேசிக்கலாம்."

நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

அம்மா ஒவ்வொரு ரசீதா நீவி நீவி டப்பாவுல அடுக்கிட்டிருக்காங்க.