பாய்லர் மேல் பழி, வால்வில் கோளாறு

குழாயில் சுடுதண்ணீர் தாராளமாக வருகிறது. வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மட்டும் பச்சைத் தண்ணீராகக் கிடக்கின்றன. தெர்மோஸ்டாட்டை எவ்வளவு ஏற்றினாலும் பாய்லர் அசையவில்லை. இரண்டு நாள் பாய்லரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அது கெட்டிருந்தால் சுடுதண்ணீர் எப்படி வரும் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

சுடுதண்ணீருக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று என்று பாய்லருக்கு வெளியே இரண்டு மோட்டார் வால்வுகள். தெர்மோஸ்டாட் கேட்டதும் மோட்டார் ஒரு ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கும். முழுக்கத் திறந்தபின் உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்ச் தட்டி, பாய்லருக்கும் பம்புக்கும் சேதி அனுப்பும். மோட்டார் சுற்றாவிட்டால் பாய்லருக்குத் தகவலே போகாது.

ரேடியேட்டர் வால்வின் பக்கவாட்டு லீவரைத் தள்ளிப் பார்த்தேன். மோட்டார் வால்வைத் திறந்திருந்தால் லீவர் லொடலொடவென்று ஆடும். எனக்கோ ஸ்பிரிங் முழு விசையோடு எதிர்த்தது. மல்டிமீட்டரில் பார்த்தால், தெர்மோஸ்டாட்டிலிருந்து வரும் பழுப்பு வயரில் 230 வோல்ட் வந்து நிற்கிறது. ஆக, தெர்மோஸ்டாட் நிரபராதி, மோட்டார்தான் போயிருக்கிறது.

வால்வின் மேல் உட்காரும் மோட்டார் பெட்டியைத் தலை என்பார்கள். அதே மாதிரித் தலையை வாங்கினேன். என் வால்வில் தலை தனியாகக் கழலும் என்பதால் தண்ணீரை வடிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லா வால்வும் இப்படி இல்லை, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தெர்மோஸ்டாட்டை அணைத்தால் பழுப்பு வயர்தான் செத்துப்போகும். சாம்பல் நிற வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். மெயினையே அணைத்து, ஒவ்வொரு வயரையும் மீட்டரில் தொட்டுப் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். எது எங்கே போகிறது என்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு ஸ்க்ரூ, தலை கையோடு வந்தது. புதியதை அப்படியே மாட்டிவிடும் அவசரம்தான் எனக்கும். ஆனாலும் பித்தளை உடம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்பிண்டிலை, அதாவது வால்வைத் திறந்து மூடும் தண்டை, விரலால் திருப்பிப் பார்த்தேன். நகரவே இல்லை! பழைய மோட்டார் தினம் தினம் இதோடு மல்லுக்கட்டியே கருகியிருக்க வேண்டும். அப்படியே மாட்டியிருந்தால் புதியதும் அதே வழிதான் போயிருக்கும். கொறடால் மெல்லப் பிடித்து, முன்னும் பின்னும் நூல் நூலாக அசைத்தேன். முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்து ஒழுகத் தொடங்கும். கால் மணி நேரத்தில் விரலுக்கே இணங்கியது.

லீவரைக் கைமுறை நிலையில் மாட்டி வைத்தால்தான் புதிய தலை ஸ்பிண்டிலின் தட்டைப் பக்கத்தோடு சேர்ந்து உட்காருகிறது. இது தெரியாமல் நான்கு முறை போராடினேன். வயர் இணைப்பு போட்டோவைப் பார்த்து ஐந்தே நிமிடம்.

மெயினைப் போட்டு, லீவரை விடுவித்து, தெர்மோஸ்டாட்டை ஏற்றினேன். மெல்லிய முனகல், ஒரு 'டிக்', பாய்லர் பற்றிக்கொண்டது. மறுபடி இறக்கினேன், ஸ்பிரிங் வால்வை மூட, பாய்லரும் நின்றது. திறப்பதை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

ஸ்பிண்டிலை அசைத்திருக்கிறோமே என்று வால்வின் அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அது காய்ந்தே கிடந்தது.