வாசலில் 37.4

2022 ஜனவரி 3, திங்கள்

குழந்தைகள் காப்பகத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். கொரோனாவால் பெற்றோருக்கு வாசல்வரைதான் அனுமதி. படிவத்தை நீட்டுகிறார்கள், வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், தொண்டை வலி உண்டா? இல்லை, இல்லை, இல்லை என்று குறிக்கிறேன். பிறகு நெற்றிக்கு நேரே அந்த வெப்பமானித் துப்பாக்கி. எண் வருகிறது, கதவு திறக்கிறது, பிள்ளை உள்ளே போய்விடுகிறது. பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னவன் என் முகக்கவசத்தின் நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான், அது அறுந்துவிட்டது. உடை நழுவியவளைப் போலக் கையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தேன்.

ஜனவரி 4

36.8. 36.6.

ஜனவரி 6, வியாழன்

சன்னல் திறந்திருக்கிறதா என்று இன்று பணியாளரிடம் கேட்டேவிட்டேன். "எப்போதும் திறந்துதான் இருக்கும். தூங்கும் நேரத்தில் மட்டும் மூடுவோம்." தூக்கம் இரண்டு மணி நேரம். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே அறை, மூடிய சன்னல். இருமும்போது வரும் பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும். நுண்ணியவை ஊதுபத்திப் புகை மாதிரி அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பொம்மைகளை மட்டும் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களாம். பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவரிடம்தான் நாளைக்கும் பிள்ளைகளைக் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 8

பெரியவளின் புது விளையாட்டு. பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் கரண்டியை வைத்து, "உங்கள் வீட்டில் யாருக்காவது இருமலா?" என்று கேட்கிறாள். எல்லாம் உள்ளே போய்விட்டன. கரடி மட்டும் வெளியே. ஏன் என்றேன். "அது பொய் சொல்கிறது."

ஜனவரி 11, செவ்வாய்

வரிசையில் எனக்கு முன்னால் நீலச்சட்டைக்காரர். அவர் மகளுக்கு மூக்கு ஒழுகுகிறது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அதே கையால் படிவத்தில் இல்லை என்று குறித்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த வயதில் சாதாரண நாட்களிலேயே ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிக்கும், தெரியும். ஆனாலும் எப்படி மனம் வருகிறது? நாள் முழுக்க அவரோடு மனத்துக்குள் சண்டை போட்டேன். ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜனவரி 12, புதன்

பதினொன்றரைக்குத் தொலைபேசி. சின்னவனுக்கு 37.9. உடனே வந்து அழைத்துப் போக வேண்டும். மருந்து கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்பக் கொண்டுவரலாம்.

நான்தான் போனேன். கணவருக்கு முக்கியமான கூட்டம். எனக்கும் முக்கியமான கூட்டம்தான், ஆனால் என்னுடையது தள்ளிப் போடக்கூடிய முக்கியமாம். "உன் அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள்" என்கிறார். இரண்டு வருடமாகப் புரிந்துகொண்டே இருக்கிறார்கள். இந்தப் பதவி உயர்வு யாருக்குப் போகும் என்பதும் எனக்குப் புரிகிறது. இரவு சமையலறையில் நின்று குரலை உயர்த்தாமல் சண்டை போட்டோம். பிள்ளைகள் தூங்கும்போது போடும் சண்டைதான் மோசம். எல்லாச் சொல்லையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைத்துவிடுகிறது.

கொரோனா சோதனைக்குச் சின்னவனின் மூக்கில் குச்சியை விட்டபோது அவன் அழவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். தொற்று இருந்தால் இரண்டு கோடு வரும். பதினைந்து நிமிடம். ஒரே கோடு.

ஜனவரி 13

37.4. மருந்துப் புட்டி மேசைமேல் இருக்கிறது. காலையில் கொடுத்தால் மதியம்வரை எண் ஏறாது. அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம்தான்.

ஜனவரி 15, சனி

தடுப்பூசிச் செய்திகளைத் தோண்டிக்கொண்டு இரவு ஒரு மணிவரை. ஃபைசரின் அளவு பெரியவர்களுக்கு 30 மைக்ரோகிராம், 5 முதல் 11 வயதுவரை 10, அதற்கும் கீழே சோதித்துப் பார்ப்பது 3. டிசம்பர் 17 அன்று அறிவித்துவிட்டார்கள்: அந்த மூன்று, ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை எதிர்பார்த்தபடி வேலை செய்கிறது, இரண்டு முதல் நான்கு வயதுக்குப் போதவில்லை. ஆகவே எல்லோருக்கும் மூன்றாவது ஊசியும் போட்டுப் பார்ப்பார்களாம். அதாவது என் வீட்டில் சின்னவனுக்குப் போதும், பெரியவளுக்குப் போதாது. ஒரே கட்டிலில் தூங்குகிறார்கள்.

ஜனவரி 19

36.7. 36.9. நீலச்சட்டைக்காரரைக் காணோம்.

ஜனவரி 26, புதன்

காலையில் தொண்டையில் ஒரு கரகரப்பு. தூக்கமில்லாததால் இருக்கும். இன்று பத்து மணிக்கு நான் பேசியே ஆக வேண்டும். நான்கு மாத உழைப்பு. சோதனைப் பெட்டி அலமாரியில் இருந்தது. திறக்கவில்லை. திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

தொண்டை வலி உண்டா? இல்லை.

பேச்சு நன்றாகப் போனது.

ஜனவரி 28, வெள்ளி

மாலை 6.10க்குச் செய்தி. பெரியவளின் குழுவில் ஒருவருக்குத் தொற்று உறுதி. ஏழு நாள் மூடல். பிள்ளையா, பணியாளரா என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள்.

ஜனவரி 29

இப்போதுதான் சோதித்துப் பார்த்தேன். ஒரே கோடு. வெறும் வறட்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அல்லது குச்சியைச் சரியாக விடவில்லை. ஒமைக்ரான் வெளிப்பட மூன்று நாள் போல ஆகும் என்கிறார்கள். புதன், வியாழன், வெள்ளி. சிலருக்கு இரண்டே நாளில் வரும். இரண்டாம் முறையும் சோதித்தேன். ஒரே கோடு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 1

ஐந்து வயதுக்குக் கீழே ஊசி போட அனுமதி கேட்டு அமெரிக்காவில் விண்ணப்பம் தொடங்கிவிட்டது. அது எங்களை எப்போது வந்து எட்டுமோ. பெரியவளைத் தூக்கிச் சுற்றினேன்.

பிப்ரவரி 7, திங்கள்

திறந்துவிட்டார்கள். ஒரு பணியாளர் குறைகிறார், சின்னவனுக்குத் தாலாட்டுப் பாடுகிறவர். எப்போது வருவார் என்று கேட்டேன். "ஓய்வில் இருக்கிறார்." எப்போதிலிருந்து? கதவை மூடிவிட்டார்கள்.

அவர் முழு முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு.

பிப்ரவரி 11

அந்த ஊசி விண்ணப்பத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். மூன்றாம் ஊசியின் முடிவு வரட்டுமாம். சரியான முடிவுதான் என்று அறிவு சொல்கிறது. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

பிப்ரவரி 13, ஞாயிறு

கரடி இன்னும் வாசலுக்கு வெளியேதான் கிடக்கிறது. எடுத்து உள்ளே வைத்தேன். பெரியவள் திரும்ப வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

பிப்ரவரி 14, திங்கள்

காலை 6.20. பெரியவள் 37.4. காதில் வைத்தால் 37.6. ஒன்பதுக்குக் கூட்டம். அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். அலமாரிச் சாவி