கொஹிமாவில் ஒரு டென்னிஸ் மைதானம்

திமாப்பூரிலிருந்து கொஹிமா 74 கிலோமீட்டர்தான். ஆனால் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் அந்தச் சாலையில் பாதி வழி போவதற்குள்ளேயே, இரண்டாம் உலகப் போரில், 1944இல், பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் ஜப்பானியருக்கும் இங்கு ஏன் சண்டை நடந்தது என்பது எனக்கு விளங்கிவிட்டது. ரயில் பாதையும் பெருஞ்சேமிப்புக் கிடங்குகளும் திமாப்பூரில் இருந்தன; இம்பாலில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகளுக்குச் சோறும் குண்டும் தரைவழியாகப் போக இந்த ஒரு சாலைதான் வழி; அந்தச் சாலை மலைமுகட்டைக் கடக்கும் இடம் கொஹிமா. படிக்கும்போது பலமுறை பார்த்த வரைபடங்கள் சொல்லாததை ஒரு பக்கத்துப் பள்ளத்தாக்கும் மறுபக்கத்துச் செங்குத்துச் சரிவும் சொல்லிவிட்டன.

2022 நவம்பரில், உள்நுழைவு அனுமதி பெற்று, நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் சென்றிருந்தேன். கொஹிமாவில் நான் அதிக நேரம் செலவிட்டது போர்க் கல்லறைத் தோட்டத்தில்தான். படிப்படியாக வெட்டப்பட்ட மலைச்சரிவில் 1,420 கல்லறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தாழ்வான கல்லின் மேல் வெண்கலத் தகடு பதித்து, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது ஆகியவற்றைப் பொறித்திருக்கிறார்கள். இருபது, இருபத்திரண்டு என்று வயதைப் படித்துக்கொண்டே மேலே ஏறினால், நடுவில் ஒரு தட்டில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. அன்றைய டெபுடி கமிஷனர் சார்லஸ் பாஸியின் பங்களாவைச் சேர்ந்த டென்னிஸ் மைதானத்தின் எல்லைக் கோடுகள் அவை. பங்களா போரில் அழிந்துபோனது. மைதானம் இருந்த இடத்தை மட்டும் அடையாளம் காட்டிப் பாதுகாத்து வருகிறார்கள்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தேன். முப்பத்திரண்டு அடி எடுத்து வைத்ததும் முடிந்துவிட்டது. இந்த இருபத்து நான்கு மீட்டருக்கு இப்புறமும் அப்புறமும் குழி தோண்டிக்கொண்டுதான் இரு படைகளும் வாரக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்று கையெறிகுண்டு வீசிக்கொண்டன. எதிரியின் இருமல்கூடக் காதில் விழுந்திருக்கும் தொலைவு அது. ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானியரின் 31ஆவது டிவிஷன் கொஹிமாவைச் சூழ்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். அவர்களில் கணிசமானோர் சண்டைக்குப் பயிற்சி பெறாதவர்கள். தண்ணீர் வரும் வழியை ஜப்பானியர் பிடித்துக்கொண்டதால் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை பைன்ட், அதாவது கால் லிட்டருக்குச் சற்றே கூடுதலாகத்தான் கிடைத்தது. விமானங்கள் வீசிய தண்ணீரிலும் குண்டுகளிலும் ஒரு பகுதி எதிரியின் பக்கம் போய் விழுந்தது. முற்றுகை உடைந்த பிறகும் மைதானம் மீளவில்லை. மே 13 அன்று ஒரு லீ டாங்கியைச் சரிவில் இறக்கி, பதுங்குகுழிகளை மிக அருகிலிருந்து சுட்ட பிறகே அது கைக்கு வந்தது.

எதிர்ப்பக்கத்தையும் நினைக்காமல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. ஜெனரல் கோதோகு சாட்டோவின் வீரர்கள் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைத் தாண்டி, மூன்று வார உணவோடு இந்த மலைகளுக்குள் வந்தவர்கள். பின்னால் வரவேண்டிய அரிசி வரவே இல்லை. மேலதிகாரி முடாகுச்சியின் கட்டளையை மீறி, மே மாத இறுதியில் சாட்டோ தம் படையைப் பின்வாங்கச் செய்தார். அதற்காகப் பதவியையும் இழந்தார். பசியில் சாகவிருந்தவர்களைத் திருப்பி அழைத்துச் சென்ற அந்த முடிவு கோழைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரும்பாலான பயணிகள் மைதானத்தையும், ‘உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைத் தந்தோம்’ என்னும் புகழ்பெற்ற நினைவு வாசகத்தையும் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தோட்டத்தின் உச்சியில் தகன நினைவுச் சின்னம் இருக்கிறது. தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. நான் போனபோது அங்கே வேறு யாரும் இல்லை. கொஹிமா என்றால் பிரிட்டிஷ் வீரம் என்றே வெளியுலகில் எழுதப்பட்டுவந்ததால், அந்தப் பெயர்களைப் படிக்க இன்னும் சிறிது நேரம் ஒதுக்கும்படி போகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். சுமை தூக்கியும், வழிகாட்டியும், காயம்பட்டவர்களைச் சுமந்தும் சரிவுகளில் ஏறி இறங்கிய நாகா கிராமத்தவரின் வீடுகளும் வயல்களும் இந்தப் போரில்தான் நாசமாயின என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, இம்பாலுக்குத் தெற்கே லோக்டாக் ஏரிக்கரையிலுள்ள மொய்ராங்குக்குப் போனேன். 1944 ஏப்ரல் 14 அன்று கர்னல் ஷௌகத் மாலிக், ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தின் கொடியை ஏற்றிய இடம் அது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர் அந்தப் படையில் இருந்தார்கள். அந்தப் படையின் காந்தி ரெஜிமெண்ட் மணிப்பூரின் பாலேல் அருகே போரிட்டது. சிங்கப்பூரில் 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய அந்தப் படையின் நினைவுச் சின்னத்தை அதே செப்டம்பரில் பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் மறுபடிவம் இங்கே நிற்கிறது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்படும் மூன்று சொற்களின் முன்னே நின்றபோது, கொஹிமாவில் வெண்கலத் தகடுகளில் விரல் வைத்துப் படித்ததுபோல இங்கே படிப்பதற்கு எங்கள் ஊர்ப் பெயர் ஒன்றாவது கிடைக்குமா என்று என் கண்கள் தேடிக்கொண்டே இருந்தன.