கப்பல் பட்டியலில் ஓர் ஊர்ப்பெயர்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று டர்பனிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்று தேடித் தருவதுதான் என் வேலை. சென்னையில் இருந்துகொண்டு பல வருடங்களாக இதைச் செய்கிறேன். "எங்கள் தாத்தா மெட்ராஸ்காரர்" என்றுதான் பெரும்பாலும் கடிதம் தொடங்கும். மெட்ராஸ் அவர்கள் கப்பல் ஏறிய இடம். ஊர் வேறு எங்கோ இருக்கும்.

ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். காலனி எண் என்று அதைச் சொல்வோம். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று ஒரு வரி இருக்கும். சிலருக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், சிலருக்குப் பாதி காலியாக இருக்கும்.

அதனால் யார் வந்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பேன். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முனுசாமிகளும் கோவிந்தன்களும் வந்துகொண்டே இருப்பார்கள். அதுவும் மூன்சாமி, கோவிண்டன், ஆர்மூகம் என்று எழுதியவர் காதில் விழுந்தபடி இருக்கும். எண் பழைய வீட்டுக் காகிதங்களில் ஒளிந்திருக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, இறந்த பிறகு சொத்துக்காகப் போட்ட மனு, இவற்றில் எதிலாவது தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் நான்கைந்து இலக்கங்களில் எழுதியிருப்பார்கள். பெட்டியைக் குடையச் சொல்வேன். அத்தை வீட்டில், பெரியப்பா வீட்டில் எல்லாம் கேட்கச் சொல்வேன்.

எண் கிடைத்து ஊர்ப்பெயரும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று குடும்பத்தார் நினைப்பார்கள். இந்தியப் பக்கத்தில் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. 'வட ஆற்காடு' என்று எழுதியிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மட்டும் பார்த்தால் போதாது. அந்த ஜில்லாவுக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகரம். பலமனேரி, சந்திரகிரி, காளஹஸ்தி எல்லாம் அதற்குள் இருந்தவை. இன்று அவை ஆந்திராவில் இருக்கின்றன. திருத்தணி 1960-இல்தான் மறுபடி நம் பக்கம் வந்தது. ஆகவே தாலுகாவைக் கண்டுபிடித்த பிறகுதான் ஊரைத் தேடவே தொடங்கலாம். அப்புறமும் ஒரே தாலுகாவில் மேல் இன்னது, கீழ் இன்னது, புதூர், நல்லூர் என்று இரண்டு மூன்று நிற்கும்.

அப்படி நிற்கும்போது ஊர்க்கணக்கில் பார்த்து முடிவு செய்யலாமே என்று கேட்பார்கள். இந்த வேலையில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், நிலத்தை அளந்து வரி விதித்த சர்வே, செட்டில்மெண்ட் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் பட்டாதாரர் பெயர் இருக்கும், புல எண் இருக்கும், தீர்வை இருக்கும். அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவர் பெயர் இருக்காது. பிறப்பைப் பதிய மெட்ராஸ் மாகாணத்தில் 1899-இல்தான் தனிச் சட்டம் வந்தது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876-78) பிறகு கப்பலேறிய ஒரு நிலமில்லாத கூலிக்கு இங்கே எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மட்டும் ஞானஸ்நானப் பதிவேடு உதவும். மற்றவர்களுக்கு, ஊரை விட்டுப் போனதால்தான் அவர்களுடைய பெயரும் தகப்பன் பெயரும் ஊரின் பெயரும் ஒரே வரியில் எழுத்தில் ஏறின. கூலிக் கணக்குக்காக எழுதிய பட்டியல் அது. ஆனால் அவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் மதித்து வாசிக்கிறேன்.

சாதிக் கட்டத்தைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். நாயுடு, பிள்ளை, படையாச்சி, கவுண்டர் என்று இன்றைக்குக் குடும்பப் பெயராக இருப்பதும் பட்டியலில் இருப்பதும் பல நேரம் பொருந்தாது. பட்டியலில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடுவேன். கப்பலில் ஏறியவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ள விரும்பினாரோ அதற்கு அவருக்கு உரிமை உண்டு என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் பூட்டியைத் தேடச் சொன்னார். பூட்டனும் பூட்டியும் சேர்ந்து வந்தார்கள் என்பது வீட்டுக் கதை. பட்டியலில் அந்த அம்மாள் தனியாக இருந்தார். இருபதை ஒட்டிய வயது, கூட ஒரு கைக்குழந்தை, கணவன் பெயர் இல்லை, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. பூட்டன் வேறொரு கப்பலில், வேறொரு ஜில்லாவிலிருந்து வந்தவர். தோட்டத்தில்தான் சந்தித்திருக்கிறார்கள். இதைச் சொல்லலாமா என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். பெண்கள் தனியாகப் புறப்பட்டதை மூடி மறைத்தே பல குடும்பங்கள் கதை சொல்லி வந்திருக்கின்றன. கைக்குழந்தையோடு கடல் தாண்டியவரைப் பற்றிச் சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை. அந்த ஆசிரியை இரண்டு நாள் பதில் எழுதவில்லை. பிறகு தொலைபேசியில் கூப்பிட்டுத் தழும்பைப் பற்றித்தான் முதலில் கேட்டார். எப்படிப் பட்ட காயமாக இருக்கும், சின்ன வயதில் விழுந்திருப்பாரா என்று.

பத்திரிகைகள் எனக்குக் கொடுத்தது வேறு வகை. 1903-இல் நேட்டாலில் தொடங்கிய, காந்தி நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில், ஆரம்ப வருடங்களில் தமிழ்ப் பக்கங்களும் இருந்தன. சத்தியாகிரகத்தில் சிறை போனவர்களின் பெயர்கள் அதில் வரும். ஒப்பந்தம் முடிந்தவர்கள் மீது போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து 1913-இல் நடந்த வேலைநிறுத்தக் காலத்து இதழ்களை வரி வரியாகப் பார்த்தால், கப்பல் பட்டியலில் எண்ணாக இருந்தவரின் மகனோ பேரனோ பெயர் சொல்லி நிற்பார். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நகலை அனுப்பும் நாள் எனக்கு நல்ல நாள். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது, ஊரோ தகப்பன் பெயரோ தொழிலோ இன்னொன்றும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் 'இவராக இருக்கலாம்' என்று எழுதி, ஏன் உறுதியில்லை என்பதையும் கீழே எழுதுவேன்.

ஊர் விஷயத்திலும் அப்படியே. அந்த ஆசிரியைக்குக் கடைசியில் இரண்டு ஊர்களைக் கொடுத்தேன். இரண்டும் குடியாத்தம் பக்கம், பெயரில் ஓரெழுத்து வித்தியாசம். அவர்கள் வீட்டில் கெங்கையம்மனுக்குப் படைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த வட்டாரம் முழுக்கக் கெங்கையம்மன் உண்டு என்பதால் அதை வைத்து ஒன்றைத் தள்ள முடியவில்லை. எதையாவது ஒன்றைச் சொல்லுங்கள், மண்ணைத் தொட்டுவிட்டுப் போகிறேன் என்று கேட்டார். இரண்டுக்கும் வழி எழுதிக் கொடுத்தேன். வைகாசித் திருவிழாவுக்கு வந்து இரண்டுக்கும் போனார்.