மின்னல் தெரியவில்லை

“கண் அசந்திருப்பீங்க அண்ணே” என்று கொடைக்கானலில் அன்று காலை நான் சொன்னேன். மின்னல் நிகழ்வுகளின் பட்டியலை முடித்து அனுப்பும் அவசரத்தில் சொன்னது. அதைக் கேட்டதும், இரவில் வானத்தைப் பார்த்துக் கைப்பதிவேடு எழுதும் அண்ணன் அந்தப் பதிவேட்டை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

மூன்று வாரங்களுக்கு முந்தைய ஓர் ஐப்பசி இரவில், 9.42 மணிக்குச் செயற்கைக்கோள் ஒரு வானொலித் துடிப்பு இரட்டையைப் பதிந்திருந்தது. முதல் துடிப்பு மேகத்திலிருந்து நேராக மேலே போனது. இரண்டாவது, தரையில் பட்டு எதிரொலித்துப் போனது. வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றமடைந்த அடுக்கான அயனி மண்டலம் தாழ்ந்த அதிர்வெண்களைக் கூடுதலாகத் தாமதப்படுத்துவதால் வரும் சாய்வை நீக்கிப் பார்த்தபோது, இடைவெளி 72 மைக்ரோநொடி. செயற்கைக்கோள் ஏறத்தாழத் தலைக்கு மேலே இருந்ததால், துடிப்பு பிறந்த இடம் தரைக்கு மேல் சுமார் 11 கிலோமீட்டர். மலைத்தரையே 2 கிலோமீட்டர் உயரம் என்பதால் கடல்மட்டத்திலிருந்து 13. பயண நேரத்தைக் கழித்தால், எங்கள் தட்டு ஆன்டெனாவிலும் அதே கணத்தில் ஒரு கூரிய துடிப்பு இருந்தது.

பதிவேடு மட்டும் ஒத்துவரவில்லை. “பெருமாள் மலை மேல் கருமேகம். 9.30 முதல் 10 வரை மின்னல் தெரியவில்லை” என்று நீல மையில் எழுதியிருந்தது.

“பார்த்துக்கிட்டேதான் சார் இருந்தேன். இருட்டாத்தான் இருந்துச்சு” என்றார். அதற்குத்தான் நான் அப்படிச் சொன்னேன்.

1993இல் ஏவப்பட்ட அலெக்சிஸ் செயற்கைக்கோள் இத்தகைய இரட்டைகளைப் பிடித்தபோது அவற்றின் மூலம் புதிராகவே இருந்தது. 1997இல் ஏவப்பட்ட ஃபோர்ட்டே செயற்கைக்கோளில் வானொலி ஏற்பியோடு ஒளி உணரியும் இருந்தது. அதன் பதிவுகளைத் தரை நிலையங்களோடு ஒப்பிட்ட பிறகே, இவை மேகத்துக்குள்ளேயே சில பத்து மைக்ரோநொடிகளில் முடிந்துவிடும் குறுகிய மின்னிறக்கங்கள் என்று தெளிந்தது. வானொலியில் மிக வலியவை. ஒளியோ மிகச் சொற்பம். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். ஒரு கைப்பதிவேடு இதற்குச் சாட்சியாக இருக்கக்கூடும் என்றுதான் தோன்றவில்லை.

மஞ்சு இறங்கினால் பத்தடி தொலைவு தெரியாத ஊர் இது. கண்ணால் கண்டதாக எழுதிய ஒரு வரியை நான் விசாரித்ததில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அன்று மஞ்சு இருந்ததா, எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள் என்று நான் கேட்கவே இல்லையே; அவர் சொல்ல வேண்டிய பதிலை நானே சொல்லிவிட்டேன்.

மாலைக்குள் அண்ணன் அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்து, “சரியாகக் கவனிக்கவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். பட்டியலில் அந்த நிகழ்வுக்கு நேரே, ஒளி என்ற கட்டத்தில், “தகவல் இல்லை” என்று நிரப்பி அனுப்பினேன்.

ஓராண்டு கழித்து வருத்தம் தெரிவித்து, பழைய வரியையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். “இல்லைங்க சார், ஒருவேளை அசந்துதான் போயிருந்தேனோ என்னவோ” என்றார். கட்டத்தை நான் மாற்றவில்லை.