எங்கள் ஒரு கிரவுண்டிலிருந்து எவ்வளவு மழைநீர் தெருவுக்குப் போகிறது?

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் மனை 2,400 சதுர அடி. மொட்டை மாடி 1,200, சிமெண்ட் தரை 700, மீதி 500 அடி களிமண். அதில் ஒரு முருங்கை, கொஞ்சம் புல். பக்கத்து வீட்டு மாமா, "ஏன் தம்பி இந்தச் சேறு, இதையும் சிமெண்ட் போட்டுடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போட்டால் என்ன ஆகும் என்று இந்த ஐப்பசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எடுத்துக்கொண்டது அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950களில் உருவாக்கிய கர்வ் நம்பர் முறை. நிலம் எவ்வளவு தண்ணீரை வழியவிடும் என்பதற்கு அதில் 100 வரை ஒரு எண்: சிமெண்டுக்கும் கூரைக்கும் 98, புல் மூடிய களிமண்ணுக்கு 80. 25400-ஐ அந்த எண்ணால் வகுத்து 254-ஐக் கழித்தால், நிலம் எத்தனை மில்லிமீட்டர் பிடித்துவைக்கும் என்று வரும்: சிமெண்டுக்கு 5, களிமண்ணுக்கு 63.5. அதில் ஐந்தில் ஒரு பங்கை மழையிலிருந்து கழித்து, வருவதை அதாலேயே பெருக்கி, மழையோடு அந்தப் பிடிப்பில் ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்து வரும் தொகையால் வகுத்தால் வழிந்தோடும் நீர், மில்லிமீட்டரில்; அதைச் சதுர மீட்டர் பரப்பால் பெருக்கினால் லிட்டர்.

முதலில் பரப்பை வைத்துச் சராசரி எடுத்து மொத்த மனைக்கும் 94 என்று போட்டேன். 15 மி.மீ. மழைக்கு 1,100 லிட்டர்தான் வந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று பக்கம் சரியாத ஒரு எவர்சில்வர் டப்பாவை மாடியில் வைத்து, மாடித் தண்ணீர் முழுவதும் இறங்கும் குழாயை ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸில் விட்டேன். அடுத்த மழையில் குடையோடு போய் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் டப்பாவில் 11 மி.மீ., அதற்குள் கீழே டாங்க் நிரம்பி வழிகிறது! மழை அன்று 15-இல் நின்றது. மாடி மட்டுமே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்றால் முழு மனைக்கும் 1,100 எப்படிச் சரியாகும்?

தப்பு சராசரியில். மண் குடிக்கிற தண்ணீரைக் கூரைக்கும் பங்கு போட்டுவிட்டேன். தனித்தனியாகப் போட்டதும் சிமெண்டும் மாடியும் சேர்ந்து 1,800 லிட்டர், மண்ணிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இதுவும் டாங்க் காட்டியதைவிடக் குறைவுதான்: 11 மி.மீ.-க்கு மாடியிலிருந்து சுமார் 730 லிட்டர் என்கிறது, டாங்கோ அதற்குள் ஆயிரம் நிரம்பிவிட்டது. சின்ன மழைக்கு இந்தச் சூத்திரம் குறைத்தே சொல்கிறது. அதனால் மாடிக்கு இப்போது முதல் 2 மி.மீ. மட்டும் கழித்துவிட்டு மீதியை அப்படியே எடுக்கிறேன், டாங்கோடு ஒத்துப்போகிறது.

பெரிய மழைக்கும் போட்டேன். ஒரே நாளில் 10 செ.மீ. பெய்தால் அந்த 500 அடி மண்ணிலிருந்து சுமார் 2,350 லிட்டர் தெருவுக்குப் போகும், சிமெண்ட் போட்டால் 4,370. ஏற்கெனவே நாலு நாள் பெய்து மண் ஊறிக் கிடந்தால் 80 என்பது 91 ஆகிவிடும், அப்போது மண்ணே 3,500 லிட்டரை வெளியே விட்டுவிடும். டிசம்பரில் தெரு ஏன் அவ்வளவு சீக்கிரம் முழங்கால் தண்ணீராகிறது என்பது எனக்கு இந்த எண்ணைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மாமாவிடம் நோட்டைக் காட்டினேன். கேட் முதல் வாசல்வரை நடக்க மட்டும் இடைவெளி விட்டு நாலு கல் பதிக்கப் போகிறேன், மண் அப்படியே இருக்கும்.